மைல்டுக்கு வாரிசு இல்லை

இங்கிலாந்துப் பப்புகளில் 'மைல்ட்' என்ற அடர்நிற பியரை இன்று தேடித்தான் குடிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன் அங்கே அதிகம் விற்ற பியர் அதுதான். சுரங்கத்திலும் வார்ப்பாலையிலும் உழைத்தவர்களின் பானம். போதை பெரும்பாலும் 3 முதல் 3.5 சதவீதம், விலையும் குறைவு. 1960களில் 'பிட்டர்' அதை முந்தியது, பிறகு லாகர் வந்தது, ஆலைகள் மூடின, மைல்டும் போனது. பியர் வரலாறுகள் சொல்லும் கதை இது. பொய்யில்லை. ஆனால் இந்த ஒப்பாரியில் ஆண்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

பியர் ஆண்களின் சொத்தாகப் பிறக்கவில்லை. 1300 வாக்கில் அந்நாட்டில் ஏல் காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை ஜூடித் பென்னட் தன் 1996ஆம் ஆண்டு நூலில் ஆவணங்களோடு காட்டினார். ஹாப்ஸ் சேராத ஏல் சில நாளில் புளித்துவிடும்; வீட்டில் காய்ச்சி, மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் விற்றார்கள். ஹாப்ஸ் சேர்த்த பியர் நாள்பட நின்றது. பெரிய கொப்பரை, முதலீடு, கடன் என்று தொழில் பெருத்தபோது, இவை கைக்கு எட்டாத பெண்கள் 1600க்குள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

காய்ச்சும் இடம் போனது. குடிக்கும் இடமாவது கிடைத்ததா? 1930களின் இறுதியில் மாஸ் அப்சர்வேஷன் குழுவினர் போல்டன் நகரப் பப்புகளில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, 1943இல் நூலாக்கினார்கள். அதில் 'வால்ட்' என்றோர் அறை வருகிறது. மரத்தூள், எச்சில், மலிவான மைல்ட். பெண்களுக்கு அங்கே இடமில்லை. சட்டம் எதுவும் தடுக்கவில்லை, வழக்கம் தடுத்தது. அவர்கள் உட்காரக்கூடிய நல்ல அறையில் அதே பியருக்கு ஒரு பென்னி கூடுதல். (கூலி குறைவாக வாங்குகிறவர்களிடம் விலை அதிகம், இந்தக் கணக்கு நமக்கும் பழக்கமானதுதான்.) 1960இல் தொடங்கிய 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரிலும் மூன்று கிழவிகள் தனிச் சிற்றறையில்தான் பால் ஸ்டவுட் குடிக்கிறார்கள்.

1950களிலிருந்து பெண்களுக்கென்றே 'பேபிசாம்' என்ற நுரைக்கும் பேரிக்காய் மதுவை விளம்பரம் செய்தார்கள். மைல்ட் அப்பாக்களின் பானமாகவே விடப்பட்டது.

பீப்பாய் பியரின் இயல்பு இங்கே முக்கியம். அது உயிருள்ள சரக்கு. பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் வேலை செய்துகொண்டிருக்கும். குழாய் பொருத்திய சில நாளில் விற்றுத் தீர வேண்டும். ஃபிர்கின் என்ற சிறு பீப்பாயில் 72 பைண்ட். தீராவிட்டால் புளிக்கும், புளித்ததைக் குடித்தவர் மறுபடி கேட்கமாட்டார், கேட்பார் இல்லையென்று கடைக்காரர் அடுத்த பீப்பாய் வாங்கமாட்டார். இந்தச் சரக்கு பிழைக்கப் புதிய வாய்கள் தேவை. பாதி மக்களைத் தலைமுறை தலைமுறையாக அறைக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். சுரங்கக்காரர்கள் வேலையிழந்தபோது அவர்கள் கோப்பையை எடுத்துக்கொள்ள யாரும் பழக்கப்படுத்தப்படவில்லை. மைல்டைக் கொன்றதில் லாகருக்கு உள்ள பங்கு இந்தக் கதவுக்கும் உண்டு என்பதே என் எண்ணம். லண்டன் எல் வினோ மதுக்கூடத்தில் பெண்கள் கவுன்ட்டரில் நின்று குடிக்கும் உரிமையை டெஸ் கில்லும் அன்னா கூட்டும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது 1982இல். மைல்ட் அதற்குள் பெரும்பாலான பப்புகளில் முடிந்துபோயிருந்தது.

முடியாத இடங்களில் முக்கியமானது டட்லியைச் சுற்றியுள்ள பிளாக் கன்ட்ரி. அங்கே செட்ஜ்லியில் பீக்கன் ஹோட்டலை 1920களின் தொடக்கத்தில் வாங்கி நடத்தியவர் சாரா ஹியூஸ் என்ற பெண். 1950களில் நின்றுபோன அதன் மதுவடிப்பைப் பேரன் 1987இல் மீட்டபோது, 6 சதவீத 'டார்க் ரூபி' மைல்ட் பாட்டியின் பெயரிலேயே வந்தது. 1970களின் தொடக்கத்தில், சொந்தமாகக் காய்ச்சி விற்கும் பப்புகள் பிரிட்டனில் நான்குதான் எஞ்சின. அவற்றில் ஒன்றான நெதர்டன் ஓல்ட் ஸ்வானை நடத்தியவர் டோரிஸ் பார்டோ. அவர் 1984இல் இறந்தார். பெயர்ப் பலகை என்ன சொன்னாலும், ஊர்க்காரர்களுக்கு அது இன்றும் 'மா பார்டோ' கடைதான்.