பின்தங்கிய உணர்வு (மன்னார்)

ஒத்த வயதினர் முன்னேறிவிட்டார்கள், நாம் மட்டும் நின்றுவிட்டோம் என்ற மனக்குறை. மனிதர் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டே எடைபோடுகிறார்கள் என்பதை லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் கோட்பாடாக முன்வைத்தார்.

மன்னாரில் இந்த ஒப்பீட்டுக்குப் போரும் காரணம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டிப் பிள்ளைகள் புத்தகங்களை விட்டுவிட்டுப் புத்தளம் போனார்கள். அகதிகளாகத் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்குக் கடல் கடந்த குடும்பங்களும் உண்டு. போரால் நின்றுபோன தலைமன்னார் ரயில்கூட 2015 மார்ச்சில்தான் மீண்டும் ஓடியது. இப்படி இழந்த ஆண்டுகளைத் தனிமனிதரின் சோம்பலாகக் கணக்கிடுவது அநியாயம்.

“உன்ர வயசுப் பெடியன் கனடாவில வீடு வாங்கிட்டான்” என்ற ஒரு பேச்சு போதும், உயர்தரப் பரீட்சை முடிவோடு வீட்டில் இருக்கும் பிள்ளை முற்றத்துக்கே வரமாட்டான். கனடாக்காரரின் கடனும் இரவு வேலையும் இங்கே யார் கண்ணிலும் படுவதில்லை.

நடைமுறை வழிகள் உண்டு. பல்கலைக்கழகத்துக்காக உயர்தரத்தை மூன்று முறை எழுதலாம். பெரும்பாலான கற்கைநெறிகளில் திறமை அடிப்படையிலான இடங்கள் 40 சதவீதம்தான். 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் மன்னார் போன்ற கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. எனவே கொழும்பு மாணவரின் இசட் புள்ளியோடு தன் புள்ளியை ஒப்பிட்டுக் கலங்க வேண்டியதில்லை. தொழில் கற்பவருக்குத் தேசியத் தொழிற்றகைமை ஏழு மட்டங்கள் வரை போகிறது. ஏழாவது மட்டம் பட்டத்துக்கு நிகரானது.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உறவினர்கள் அந்தக் கனடாக் கதையை நிறுத்துவதும் சிகிச்சையில் ஒரு பங்கு.