காட்டு இல்லாத கட்டுரை

பள்ளிக் கட்டுரைக்கு நம்மிடம் ஓர் அச்சு உண்டு: குறிப்புச் சட்டகம், முன்னுரை, உட்தலைப்புகள், நடுவில் ஒரு குறள், முடிவுரை. 'தொழில் வளர்ச்சி' என்ற தலைப்பில் கும்மிடிப்பூண்டிப் பிள்ளை எழுதியதையும் கன்னியாகுமரிப் பிள்ளை எழுதியதையும் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால், எது எந்த ஊர்க் கட்டுரை என்று சொல்ல முடியாது. மேற்கோள் இருக்கிறது, காட்டு இல்லை. இரண்டும் ஒன்றல்ல. மேற்கோள் சான்றோர் சொன்னார் என்ற பலத்தில் நிற்பது. காட்டு, படிப்பவர் தாமே பார்த்து ஒப்புக்கொள்ளும்படி பொருளை முன்னே வைப்பது. நம் பழைய நூல்கள் காட்டை அலங்காரமாக நினைக்கவில்லை. தொல்காப்பிய மரபியல் உரையின் இலக்கணத்தில் ஏதுவோடு எடுத்துக்காட்டையும் சேர்த்தே சொல்கிறது. மணிமேகலையில் அறவண அடிகள் அளவை கற்பிக்கும்போது, மலையில் நெருப்பு உண்டு என்பதற்குப் புகையைக் காரணமாகச் சொல்வதோடு நிறுத்தாமல், எல்லோரும் அறிந்த அடுக்களையைக் கொண்டுவந்து காட்டுகிறார். அடுக்களை இல்லாவிட்டால் அந்த வாதம் முடிவதில்லை.

காட்டின் இந்த வலிமைக்கு நம் மண்ணே பெரிய சான்று. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளை மண்ணிலிருந்து செதுக்கப்பட்ட கல் ஒன்றை எடுத்தார். ஐரோப்பாவில் ஆற்றுப் படிவுகளில் கிடைத்த கற்கோடரிகள் மனிதன் மிகத் தொன்மையானவன் என்று அறிஞர்களை ஏற்க வைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்தியாவிலும் அப்படியே என்று அந்த ஒரு கல்லை வைத்து அவர் முழங்கியிருக்கலாம். அவரோ தேடிப் போனார். அதே செப்டம்பரில், தம் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங்குடன், திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். என்ன வகைக் கல், என்ன வடிவம், எந்தப் படிவில் கிடந்தது என்ற விவரங்களோடு 1866இல் கட்டுரை வெளியிட்டார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்துதான் கிளைத்தது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டால் கருத்து நிறுவப்பட்டுவிடுமா என்ற மறுப்பு நியாயமானது. நிறுவப்படாது. படிவிலிருந்து பிரித்தெடுத்த கல் வெறும் கல். இடமும் காலமும் இல்லாத நிகழ்ச்சி வெறும் கதை. ஆனால் ஒழுங்காகப் பதிந்த விவரத்துக்கு வேறொரு வலிமை உண்டு: எழுதியவரின் கருத்தையே பிற்பாடு அது திருத்தும். தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்தார்கள். அங்கே கைக்கோடரி செய்தவர்களின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது என்று 2011இல் வெளியிட்டார்கள். அதற்கடுத்த இடைப் பழைய கற்காலம் இந்தியாவில் மிகப் பிந்தித் தொடங்கியது என்ற எண்ணமும், 7,000க்கு மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்த அவர்களின் 2018ஆம் ஆண்டுக் கட்டுரையால் அசைந்தது. அந்தத் தொடக்கம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை போய்விட்டது. பொன்மொழி அடுக்கிய கட்டுரையை இப்படித் திருத்த வழியே இல்லை. தவறாகும் அளவுக்குக்கூட அது எதையும் சொல்லியிருக்காது.

தேர்வறையில் பிள்ளைக்கு நேரம் ஏது என்பார்கள். உண்மைதான், ஒரே அச்சில் வரும் விடையைத் திருத்துவதும் எளிது. அது மதிப்பெண் முறையின் குறை, அதற்காகப் பிள்ளையின் கட்டுரையை வெறுமையாக்குவது சரியல்ல. தவிரவும் நல்ல விவரம் இடத்தைக் குறைக்கவே செய்யும். 'தமிழர் கடல் கடந்து வாணிகம் செய்தனர்' என்ற வரி எல்லாக் கட்டுரையிலும் வருகிறது. அதற்குக் காட்டு தேடினால், கும்மிடிப்பூண்டிக்கு அண்டையிலேயே பழவேற்காடு இருக்கிறது. டச்சுக்காரர்கள் அங்கே 1613இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினார்கள். அவர்களுடைய கல்லறைகளை இன்றும் பார்க்கலாம். அவர்களை இழுத்த சரக்குகளில் முதன்மையானது இந்தக் கரையின் துணி. மலேசியாவில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் 'கைன் பெலிக்காட்' என்றுதான் பெயர். பெலிக்காட் என்பது பழவேற்காடு. இந்த ஒரு கைலியைப் பிள்ளை எழுதிவிட்டால், யார் நெய்தார்கள், யார் விலை வைத்தார்கள், லாபம் யாருக்குப் போனது என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. நன்னூல் காண்டிகையுரையின் உறுப்புகளை எண்ணும்போது, காட்டுக்கு அடுத்து வினாவைத்தான் வைக்கிறது.