டாசிடஸ் நூற்தொகுதி: 1515ஆம் ஆண்டின் ரோம் பதிப்பு

ரோமானிய வரலாற்றாசிரியர் கொர்னேலியுஸ் டாசிடஸின் நூல்களை, அதுவரை அச்சேறாதிருந்த ‘அன்னாலெஸ்’ என்னும் ஆண்டு வரலாற்றின் முற்பகுதியோடு சேர்த்து, பொலோஞாவைச் சேர்ந்த இளைய பிலிப்போ பெரொவால்டோ பதிப்பிக்க, லொரேன் நாட்டவரான எத்தியென் கியெரி 1515இல் ரோம் நகரில் அச்சிட்ட இலத்தீன் நூலே இப்பதிப்பாகும். ரோமப் பேரரசர் அகஸ்டஸின் மறைவு தொடங்கி, அவருக்குப் பின் ஆண்ட திபேரியுஸின் மறைவு வரையிலான ஆட்சியை (கி.பி. 14–37) டாசிடஸின் சொற்களில் அச்சில் படிக்க முதன்முதலில் வழிசெய்தது இதுவே.

டாசிடஸ் அச்சுக்கு வந்தது இதற்கு ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்கு முன்னரே ஆகும். ஸ்பெயர் நகரத்து வெண்டெலின் 1470ஐ ஒட்டி வெனிஸில் வெளியிட்ட முதற்பதிப்பில் ‘அன்னாலெஸ்’ நூலின் 11 முதல் 16 வரையிலான பகுதிகளும், ‘இஸ்தோரியே’ எனப்படும் பிற்கால வரலாறும், ஜெர்மானியர் பற்றிய சிறுநூலும், சொற்பொழிவுக்கலை பற்றிய உரையாடலும் மட்டுமே இருந்தன. ஒரு பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை அச்சிட்டு, தாள்களை வரிசை பிறழாமல் கட்டுவதற்கு உதவும் முறை மிகத் தொடக்கத்தில் காணப்படும் அச்சு நூல்களுள் அதுவும் ஒன்று. ‘அன்னாலெஸ்’ நூலின் முதற்பாதியோ அன்றைய இத்தாலிய அறிஞர்களின் கைக்கு எட்டாமலே இருந்தது.

அப்பகுதியைக் காத்து வைத்திருந்தது ஒரே ஒரு தோற்சுவடி. 9ஆம் நூற்றாண்டில், பெரும்பாலும் ஜெர்மனியின் ஃபுல்டா மடத்தில், எழுதப்பட்டதாகக் கருதப்படும் இச்சுவடி பின்னர் வெஸ்ட்ஃபாலியாவிலுள்ள கொர்வை மடத்தைச் சேர்ந்தது. 1508ஐ ஒட்டி அங்கிருந்து திருடப்பட்டு ரோமுக்கு வந்தது. பின்னாளில் பத்தாம் லியோ என்னும் பெயரில் போப்பாண்டவரான கர்தினால் ஜொவான்னி தெ மெதிச்சி அதனை வாங்கினார். விலை 500 பொற்காசுகள் எனக் கூறப்படுகிறது. 1513இல் போப்பாண்டவரான பின்னர், அதனைச் செப்பம் செய்து அச்சேற்றும் பணியை அவர் பெரொவால்டோவிடம் ஒப்படைத்தார்.

தாளை ஒருமுறை மட்டும் மடித்துக் கட்டும் பேரளவு வடிவில், ரோமன் எழுத்துருவில் அச்சான இந்நூல், அச்சகத்தையும் ஆண்டையும் குறிக்கும் இறுதிக் குறிப்பில் 1515 மார்ச் முதல் நாளைத் தருகிறது. வெளிவராத பழைய நூல்களைக் கொண்டுவந்து தருவோருக்குப் போப்பாண்டவரின் பெயரால் கணிசமான பரிசு உண்டு என்ற அறிவிப்பும் இதில் அச்சாகியுள்ளது. திருட்டுச் சுவடியை வாங்கியவரே விடுத்த அழைப்பு என்பதால், அதைக் கேட்டு வடநாட்டு மடங்கள் தம் நூலறைகளை இறுகப் பூட்டிக்கொண்டிருந்தாலும் வியப்பதற்கில்லை. புதிதாகக் கிடைத்தவை ஐந்து நூல்கள் என்று தலைப்புப் பக்கம் கூறுவதற்குக் காரணம், சுவடியில் ஐந்தாம் நூலும் ஆறாம் நூலும் பிரிவின்றி ஒன்றாகக் கிடந்தமையே ஆகும். இரண்டையும் பின்னர் பிரித்துக் காட்டியவர் 1574இல் ஆன்ட்வெர்ப்பில் டாசிடஸைப் பதிப்பித்த யுஸ்டுஸ் லிப்சியுஸ். கி.பி. 31இல் திபேரியுஸின் மெய்க்காவற்படைத் தலைவன் செயானுஸ் வீழ்ந்த வரலாறு உட்பட ஐந்தாம் நூலின் பெரும்பகுதி அச்சுவடியிலேயே இல்லாமையால், எந்தப் பதிப்பாலும் அந்த இடைவெளியை நிரப்ப இயலவில்லை.

பதிப்பின் உரிமையைக் காப்பதற்காக லியோ வழங்கிய தனியுரிமை ஆணை, அனுமதியின்றி மறு அச்சிடுவோரைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாகவும் அபராதம் விதிப்பதாகவும் அச்சுறுத்தியது. ஆயினும் மிலானில் அறிஞராகவும் அச்சகத்தாராகவும் விளங்கிய அலெஸ்ஸாந்த்ரோ மினுட்சியானோ, நூல் ரோமில் அச்சாகிக்கொண்டிருந்தபோதே அச்சுத் தாள்களை வரவழைத்துத் தாமும் அச்சிடத் தொடங்கினார். செய்தி வெளிப்பட்டதும் ரோமுக்கு வருமாறு ஆணை பிறந்தது. அவர் தனியுரிமை ஆணையை அறியாமல் செய்ததாகக் கூறி மன்னிப்புக் கோரியதன் பேரில் தண்டனையிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஒரு மடத்தின் உடைமையாக இருந்த சுவடியை வாங்கியவர், அதன் அச்சுப்படியை நகலெடுத்தவரைத் தண்டிக்க முனைந்த இந்நிகழ்ச்சி, நூலுரிமை பற்றிய ஐரோப்பிய வரலாற்றில் தனி இடம் பெறத் தக்கது. மினுட்சியானோவின் மிலான் பதிப்பு 1517இல் சட்ட அறிஞர் அந்திரேயா ஆல்சியாத்தோவின் குறிப்புகளோடு வெளிவந்தது.

அதே 1517இன் டிசம்பர் முதல் நாள் எழுதிய கடிதம் ஒன்றில் லியோ, சுவடி திருடப்பட்டுத் தம் கைக்கு வந்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, திருத்தி அச்சிட்ட நூலின் கட்டமைத்த படி ஒன்றைக் கொர்வை மடத்துக்கு அனுப்பியிருப்பதாகவும், அதனோடு அம்மடத்துக் கோயிலுக்கு முழுமையான பாவத்தண்டனை விலக்கு வழங்கியிருப்பதாகவும் தெரிவிக்கிறார். மற்றொரு ரோமானிய வரலாற்றாசிரியரான லிவியின் முழு வரலாற்றைத் தேடித் தம் தூதரை வடக்கே அனுப்பிய வேளையில் எழுதப்பட்ட அக்கடிதத்தில், மடத்துக்குத் தீங்கைக் காட்டிலும் நன்மையே விளைந்தது என்னும் தொனி வெளிப்படையாகவே ஒலிக்கிறது.

ரோமப் படைகளை முறியடித்த ஜெர்மானியத் தலைவன் ஆர்மினியுஸைப் பற்றிய டாசிடஸின் பாராட்டுரை இந்தப் புதிய பகுதியிலேயே இருந்தமையால், உல்ரிஷ் ஃபொன் ஹுட்டென் போன்ற ஜெர்மானிய அறிஞர்கள் அதனைத் தம் இனப்பெருமைக்கு ஆதாரமாகக் கொண்டனர். ஹுட்டெனின் ‘ஆர்மினியுஸ்’ உரையாடல் அவர் இறந்தபின் 1529இல் வெளியாயிற்று. மூலபாட ஆய்வில் இப்பதிப்புக்குத் தனிச் சான்றாகும் தகுதி இல்லை. அதற்கு அடிப்படையான சுவடி அழியாமல் இருப்பதால், இன்றைய பதிப்பாசிரியர்கள் நேரே சுவடியையே நாடி, பெரொவால்டோ செய்த திருத்தங்களுள் ஏற்கத்தக்கவற்றை மட்டும் அவர் பெயரால் குறிக்கின்றனர். கொர்வைக்குத் திரும்பாத அச்சுவடி, ஃபுளோரன்ஸ் நகரின் லாரன்சியானா நூலகத்தில் 68ஆம் வரிசையின் முதல் எண்ணாகப் பேணப்படுகிறது.