லிஸ்ப் முதல் பைத்தான் வரை: டார்ச் நூலகத்தின் வழிமரபு

1987ஆம் ஆண்டில் லியோன் போத்தூ, யான் லெகுன் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் பிரான்சில் அமீகா கணினியில் எஸ்.என். என்ற நிரலை எழுதத் தொடங்கினர். நரம்பு வலையமைப்பைக் கணினியில் உருவாக்கி, கற்றுக்கொள்ளவைத்துப் பார்ப்பதற்கான கருவி அது. எண்களைப் பெருக்கிக் கூட்டும் பளுவான வேலை சி மொழியில் நடந்தது. எந்த அடுக்கு எதனோடு இணைகிறது என்பதைச் சிறியதொரு லிஸ்ப் மொழிபெயர்ப்பி வழியாகச் சொல்ல முடிந்தது. வேகம் ஒருபுறம், வடிவமைப்பு மறுபுறம் என்ற இந்தப் பிரிவினை பின்னால் வந்த நூலகங்கள் பலவற்றிலும் தொடர்ந்தது.

லெகுன் 1988இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே 1989இல், உறைகளில் கையால் எழுதிய அஞ்சல் குறியீட்டு எண்களைப் படிக்கும் வலையமைப்பு எஸ்.என். கொண்டே பயிற்றுவிக்கப்பட்டது. 7,291 மாதிரிகளை வைத்துக்கொண்டு 9,760 எடைகளைச் சரிசெய்ய ஒரு சன் பணிநிலையம் மூன்று நாள் ஓடியது. எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரிப்பது, அடையாளம் காண்பது, மொழியின் இயல்போடு ஒத்துப்பார்ப்பது என்று அமைப்புகள் பெருகியபோது, பல பகுதிகளைச் சேர்த்து ஒன்றாகப் பயிற்றுவிக்கும் முறை தேவைப்பட்டது. 1998இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் அந்த முறை தெளிவாக விளக்கப்பட்டது: ஒவ்வொரு பகுதியும் ஒரு மாட்யூல்; ஒவ்வொரு மாட்யூலுக்கும் முன்னோக்கிய கணக்கு ஒன்று, பின்னோக்கிய கணக்கு ஒன்று.

ஒரு நேரியல் அடுக்கை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். முன்னோக்கிச் செல்லும்போது, வந்த எண்களை அது தன் எடைகளால் பெருக்கிக் கூட்டி அடுத்த அடுக்குக்குத் தருகிறது. பின்னோக்கி வரும்போது, தன் வெளியீடு சற்று மாறினால் இறுதிப் பிழை எவ்வளவு மாறும் என்ற செய்தி அதற்குக் கிடைக்கிறது. அதைக் கொண்டு இரண்டு விடைகளைக் கணக்கிடுகிறது: தன் எடைகளை எப்படித் திருத்த வேண்டும் என்பது ஒன்று, தனக்கு முன்னால் உள்ள அடுக்குக்கு என்ன செய்தி அனுப்ப வேண்டும் என்பது மற்றொன்று. அக்கம்பக்கத்தில் இருப்பது எந்த அடுக்கு என்று அதற்குத் தெரியவேண்டியதே இல்லை. ஒரு மாட்யூலைக் கழற்றி வேறொன்றை மாட்ட முடிவது இதனால்தான். இந்தத் துறையின் மிக அழகான வடிவமைப்பு இதுவே எனலாம்.

2002இல் எஸ்.என். மரபிலிருந்து லஷ் என்ற திறந்த மென்பொருள் வெளிவந்தது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினி நகரில் உள்ள இடியாப் நிறுவனத்தில் ரொனான் கொலோபேர், சாமி பெஞ்சியோ, ஜானி மாரியெத்தோ மூவரும் டார்ச் நூலகத்தை அறிவித்தனர். சி பிளஸ் பிளஸில் எழுதப்பட்ட இந்நூலகத்தில் தரவு, கற்கும் எந்திரம், அதைப் பயிற்றுவிப்பது, விளைவை அளப்பது ஆகிய நான்கும் நான்கு தனி வகுப்புகளாக நின்றன. எந்திரம் நரம்பு வலையாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. வேறு கற்றல் முறைகளும் அதே இடத்தில் பொருந்தின.

சி பிளஸ் பிளஸில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் நிரலை மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். நாளுக்குப் பத்துச் சோதனை செய்பவருக்கு இது பெரிய இடைஞ்சல். ஆகவே டார்ச் பின்னாளில், பிரேசிலில் பிறந்த லுவா மொழிக்கு மாறியது. லுவா சிறியது, சி நிரலோடு எளிதில் ஒட்டக்கூடியது. 2011இல் கொலோபேர், கோராய் கவுக்சோலு, கிளெமான் ஃபராபே மூவரும் டார்ச் 7 பற்றி எழுதினர். மாட்யூல்களை வரிசையாகக் கோக்க சீக்வென்ஷியல், பக்கம்பக்கமாக வைக்க பேரலல் போன்ற கொள்கலன்கள் அதில் இருந்தன. கொள்கலனும் ஒரு மாட்யூல்தான் என்பதால் ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை அடுக்கும் வைக்கலாம்.

ஆனால் டார்ச் 7இன் மாட்யூல் தன் எடைகளோடு, கடைசியாகத் தந்த வெளியீட்டையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒரே மாட்யூலை இரண்டு இடத்தில் அழைத்தால் முதல் வெளியீடு அழிந்துவிடும். ஒரே அடுக்கு சொல்லுக்குச் சொல் திரும்பத் திரும்ப இயங்கும் மீள்வலைகளில், அந்த அடுக்கைப் பல நகல் எடுத்து எடைகளை மட்டும் பகிரவைக்க வேண்டியிருந்தது. நிரலை எழுதியதில் நேர்ந்த பிழை அல்ல இது. மாட்யூலின் எல்லையை வகுத்த இடத்திலேயே இருந்த குறை.

அதைத் தீர்த்தது 2017 ஜனவரியில் வெளியான பைடார்ச். வார்சாவில் படித்துக்கொண்டிருந்த ஆடம் பாஷ்கே, வேலூர் வி.ஐ.டி.யில் பயின்ற சௌமித் சிந்தாலா ஆகியோர் பேஸ்புக்கின் சாம் கிராஸ் முதலியவர்களோடு அதை உருவாக்கினர். ஜப்பானின் செயினர் நூலகம் 2015இலேயே காட்டிய வழியில், நிரல் ஓடும்போதே ஒவ்வொரு கணக்கும் பதிவாகி, பின்னோக்கிய கணக்கு அந்தப் பதிவிலிருந்து தானே நடந்தது. இடைநிலை எண்கள் பதிவுக்குப் போயின. மாட்யூலிடம் எடைகள் தங்கின. ஒரே அடுக்கை எத்தனை முறை அழைத்தாலும் இனிச் சிக்கலில்லை. புது மாட்யூல் எழுதுபவர் பெரும்பாலும் முன்னோக்கிய பாதியை மட்டும் எழுதினால் போதும் என்றானது. மாட்யூல், லீனியர், சீக்வென்ஷியல் என்ற லுவா காலத்துப் பெயர்கள் மட்டும் அப்படியே பைத்தானுக்கு வந்து சேர்ந்தன.