இரத்தத்திலிருந்து நரம்பணு

மைசூர்த் தமிழ்க் குடும்பங்களில் ‘பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க’ என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும், கேட்பவருக்குப் புரிந்துவிடும். நிம்ஹான்ஸ் என்ற பெயர் வாயில் வராது. மைசூர் அரசின் மனநல மருத்துவமனையாக இருந்த இடம் அது. 1954-ல் அதையொட்டி அகில இந்திய மனநல நிறுவனம் வந்தது. 1974-ல் இரண்டும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. தாத்தாவுக்கு வந்த மனநோய் பேரனுக்கும் வருவதை மருத்துவர்கள் கண்ணால் பார்த்தார்கள். காரணத்தைத்தான் பார்க்க முடியவில்லை. மனநோய்க்காக, உயிரோடிருப்பவரின் மூளையில் கொஞ்சம் கிள்ளி எடுத்துச் சோதிக்க முடியுமா? 1995-ல் அங்கே மூளை வங்கி வந்தது. அதிலும் கிடைப்பது இறந்தவர்களின் மூளைதான்.

இந்த இடத்தில்தான் குருத்தணு, அதாவது நாம் பேச்சில் சொல்லும் ஸ்டெம் செல், உதவிக்கு வருகிறது. 1998-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து இவ்வணுக்களைப் பிரித்து வளர்த்தார். 2001-ல் அங்கேயே சூ-சுன் சாங் அவற்றை நரம்பு முன்னணுக்களாக மாற்றினார். அவை ஆய்வகத் தட்டில் பூவிதழ் போல வட்டமாக அடுக்கி நின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க அரசு, தன் நிதியுதவிக்குத் தகுதியான கருக் குருத்தணு வரிசைகள் என்று 64-ஐப் பட்டியலிட்டது. அவற்றில் மூன்று பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தினுடையவை! நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கருவை அழிப்பது முறையா என்ற சண்டை நெடுநாள் ஓடியது. அதை ஓரளவு தணித்தவர் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா. 2006-ல் எலியிலும் 2007-ல் மனிதரிலும், தோலில் கிடைக்கும் முதிர்ந்த அணுவுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் குருத்தணுவாகத் திருப்பிக் காட்டினார். 2012-ல் ஜான் குர்டனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சரி, அதை நரம்பாக்குவது எப்படி? வேடிக்கை என்னவென்றால், பெரிதாக அதட்ட வேண்டியதில்லை. வேறு வழிக்கு இழுக்கும் இரண்டு சமிக்ஞைகளை மறித்துவிட்டால், குருத்தணு நரம்பு வழியில் தானாகவே போகிறது. 2009-ல் நியூயார்க் குழு ஒன்று இதைக் காட்டியது. முதிர்ந்த நரம்பணுவாக மட்டும் பல வாரங்கள் பிடிக்கும்.

2016-ல் நிம்ஹான்ஸும் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இன்ஸ்டெம் நிறுவனமும் சேர்ந்து ஒரு பெருந்திட்டம் தொடங்கின. மனச்சிதைவு, இருதுருவ நோய், எண்ணச் சுழற்சி நோய், போதை அடிமைத்தனம், முதுமை மறதி ஆகிய ஐந்தில், ஒரே வீட்டில் பலரைப் பாதித்த குடும்பங்களைத் தேடினார்கள். சம்மதித்தவர்களின் இரத்த அணுக்களைக் குருத்தணுவாக்கி, அதிலிருந்து நரம்பணு வளர்க்கிறார்கள். நோயுள்ள அண்ணனின் நரம்பணுவையும் நோயில்லாத தம்பியின் நரம்பணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மருந்தைத் தட்டிலேயே சோதிக்கலாம். அதற்கு வம்சாவளி முழுசாக வேண்டும். பெரியப்பாவுக்கு என்ன, அத்தைக்கு எந்த வயதில் என்று சொல்ல வீட்டில் யாராவது வாய் திறக்க வேண்டும்.

இது சிகிச்சை அல்ல, ஆராய்ச்சி. ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூளை சரியாகும்’ என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் செய்வது வேறு வியாபாரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, இரத்த நோய் போன்ற சிலவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே நடக்கலாம். அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.