நரம்பும் மீடிறனும்: விபுலானந்த அடிகள் என்னும் விஞ்ஞான ஆசிரியர்

விபுலானந்த அடிகளைத் துறவியாகவும், தமிழ்ப் பேராசிரியராகவும், யாழ் நூல் தந்த ஆய்வாளராகவும் நாம் அறிவோம். ஆண்டுதோறும் அவர் நினைவாக நடைபெறும் விழாக்களில் இம்மூன்று முகங்களே பேசப்படுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் முன்னர் அவர் ஒரு பயிற்றப்பட்ட ஆசிரியர். அதிலும் விஞ்ஞான ஆசிரியர். யாழ்ப்பாணத்து வகுப்பறைகளில் ஐந்து ஆண்டுகள் நின்றவர். குடாநாட்டின் கிராமமொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு இந்த முகமே மிகவும் நெருக்கமானது. மற்ற மூன்றையும் விளங்கிக்கொள்வதற்கும் இதுவே திறவுகோல் என்பது என் எண்ணம்.

அவர் வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்துக்கு விஞ்ஞானக் கல்வி புதிதன்று. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் கணிதம், வானியல், இயற்கைத் தத்துவம் ஆகியன பாடங்களாக இருந்தன. அக்காலத்தில் பௌதிகத்துக்கு வழங்கிய பெயரே இயற்கைத் தத்துவம். 1829இல் சந்திர கிரகணம் ஒன்றைக் குறித்துப் பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்புக்கும் செமினரி அதிபர் டானியேல் பூவரின் கணிப்புக்கும் இடையே வேறுபாடு எழுந்தது. யார் கணக்குச் சரி என்பதை வானத்தைப் பார்த்தே தீர்க்கவேண்டி வந்தது. அதற்குப் பின்னாலிருந்த சமய நோக்கம் ஒருபுறமிருக்க, ஒரு கூற்றை அவதானத்தால் சோதிக்கலாம் என்ற எண்ணம் பொதுமக்கள் நடுவே வந்த தருணங்களுள் அது ஒன்று.

1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் இன்னொரு படி மேலே போனார். மானிப்பாயில் 1864 முதல் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1875இல் வெளியான ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் அந்த முயற்சியின் விளைவு. எனினும் வட்டுக்கோட்டைச் செமினரி 1855இலேயே மூடப்பட்டுவிட்டது; 1884இல் கிறீனும் மறைந்தார். அதன்பின் எழுந்த பெரிய கல்லூரிகளில் விஞ்ஞானம் ஆங்கிலத்துக்குள் குடிபுகுந்தது. தமிழ் இலக்கணம் பண்டிதரின் திண்ணையிலும், விஞ்ஞானம் ஆங்கிலப் பாடசாலையின் ஆய்வுகூடத்திலுமாகப் பிரிந்து நின்றன.

இந்தப் பிரிவினைக்குள் வந்தவரே மயில்வாகனம். வடக்கே சாய்ந்தமருதும் தெற்கே நிந்தவூருமாக முஸ்லிம் ஊர்களுக்கு நடுவே அமைந்த காரைதீவில் 1892இல் பிறந்தார். கல்முனையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் படித்து, அங்கேயே ஆசிரியருமானார். 1911இல் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து இரண்டாண்டுப் பயிற்சி பெற்றார். பின்னர் கொழும்பிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் கற்று 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் சித்தியடைந்தார். விஞ்ஞானமும் பண்டிதத் தமிழும் இருவேறு உலகங்களாகக் கருதப்பட்ட நாளில், இரண்டையும் ஒரே ஆண்டில் கைக்கொண்டு வெளியே வந்த இளைஞர் அவர்.

1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். கற்பித்துக்கொண்டே படித்து லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். கிறீன் தமிழில் விஞ்ஞானம் கற்பித்த அதே மானிப்பாய்! 1922இல் துறவை நாடிச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குச் சென்றார். 1924இல் விபுலானந்தர் ஆனார். காவி உடுத்த பின்னரும் ஆசிரியப் பணி அவரை விடவில்லை. நாடு திரும்பி, யாழ்ப்பாணத்து வைத்தீஸ்வர வித்தியாலயம் உட்பட இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நடத்தினார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார்.

தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க வேண்டுமானால் முதலில் சொற்கள் வேண்டும். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகள் தலைமை தாங்கினார். அம்முயற்சி 1938இல் ‘கலைச்சொற்கள்’ என்ற தொகுதியாக வெளிவந்தது. பண்டிதர் மட்டுமே கூடியிருந்தால் சொல் அழகாக இருந்திருக்கும், பொருள் விலகியிருக்கும். விஞ்ஞானிகள் மட்டும் கூடியிருந்தால் பொருள் இருந்திருக்கும், சொல் நாவில் நின்றிராது. இரு தரப்பாரின் பேச்சும் விளங்கும் ஒருவர் தலைமையில் இருந்ததே அந்த மாநாட்டின் பேறு.

அவருக்குப் பின், இலங்கையில் தமிழ்மொழி மூல விஞ்ஞானக் கல்வி வந்தபோது அரசாங்கம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இன்று நாம் வகுப்பறையில் ஆளும் சொற்களிற் பல அவ்வழி நிலைபெற்றவை. ‘மீடிறன்’ என்ற சொல்லைப் பாருங்கள். மீள், திறன் என்ற இரண்டும் இலக்கண விதிப்படி புணர்ந்து மீடிறன் ஆயிற்று. ஓர் அதிர்வு மீண்டும் மீண்டும் நிகழ்வதைச் சொல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இதனை ‘அதிர்வெண்’ என்பர். ஒரு நரம்பு அதிர, தொடாத இன்னொரு நரம்பு தானும் அதிர்வதை நாம் ‘பரிவு’ என்கிறோம். பிறர் துயருக்கு மனம் இளகுவதைக் குறிக்கும் சொல்லே இங்கு பௌதிகச் சொல்லாகவும் நிற்கிறது. இப்படிப்பட்ட சொற்களை மாணவனுக்கு விளக்கும்போது தமிழாசிரியர் யார், விஞ்ஞான ஆசிரியர் யார்?

தாய்மொழியின் வலிமையை அடிகள் இந்துக்களுக்கு மட்டும் உரியதாகக் கருதவில்லை. வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்ற அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ், 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றியபோது அடிகளோடு நெருங்கிப் பழகினார். இலங்கை முஸ்லிம்களின் தாய்மொழி தமிழே என்று பின்னாளில் அஸீஸ் அவர்கள் உறுதியாக வாதிட்டதை இவ்வேட்டின் வாசகர்கள் அறிவர். அந்த நட்பை இருவரது தமிழ்ப் பற்றோடும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

ஆயினும் சொல் மட்டும் போதாது என்பதை அடிகள் அறிந்திருந்தார். அதற்குச் சான்று யாழ் நூல். 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அடிகள் மறைந்தார். சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் பற்றிக்கொண்டு, வழக்கொழிந்த யாழை மீட்கும் ஆய்வு அது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கும் முறையே நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என அலகுகள் வகுக்கப்பட்டு மொத்தம் 22 ஆகின்றன. இதனை மனப்பாடம் செய்யும் பாடலாக அடிகள் விட்டுவிடவில்லை. ‘இசைநரம்பியல்’ என்ற பகுதியில் நரம்பின் நீளங்களையும் அவற்றின் விகிதங்களையும் கணக்கிட்டு, உரையாசிரியர் சொன்னதை எண்ணால் உரைத்துப் பார்க்கிறார். பண்டிதர் வாசித்த நூலை ஆய்வுகூடத்தில் வளர்ந்த மனம் சோதிக்கிறது.

இசையையும் அளவையும் ஒன்றாகப் பார்த்த மரபு நமக்கு மட்டும் உரியதன்று. பத்தாம் நூற்றாண்டில் அல்-ஃபாராபி தமது ‘கிதாபுல் மூஸீக்கா அல்-கபீர்’ என்னும் பெருநூலில் ஊத் என்ற நரம்புக் கருவியில் விரல் வைக்கும் இடங்களை விகிதங்களால் விளக்கினார். ஊத்தும் யாழும் வேறு. கேட்ட செவியை எண்ணோடு இணைக்கும் வழி ஒன்றே.

இதன் பெறுமதி என் வகுப்பில் எனக்குத் தெரிந்தது. சுரமானி இல்லாத பாடசாலை எங்களுடையது. ஒரு பலகை, இரண்டு ஆணிகள், மெல்லிய உருக்குக் கம்பி, தொங்கவிட ஒரு செங்கல். கம்பியின் கீழ் இரண்டு மரத்துண்டுகளை 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் வைத்துத் தட்டினால் ஒரு சுரம். ஒரு துண்டை நகர்த்தி 30 ஆக்கினால் அதே சுரம் மேல் தானத்தில் கேட்கும். மீடிறன் இரண்டு மடங்கு. 40இல் வைத்தால், அதாவது மூன்றில் இரண்டு பங்கில், முதற் சுரத்தோடு இனிதாகப் பொருந்தும் இன்னொன்று. முழுக் கம்பியைக் குரல் என்று கொண்டால் இது இளி. கம்பியின் இழுவை மாறாதிருக்க, நீளம் குறைய மீடிறன் கூடும் என்ற விதியை நான் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே பின்வரிசைப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். பரீட்சைக்குரிய சூத்திரம் அதன் பிறகு வந்தது.

ஆசிரியரைத் தயார்செய்வது பற்றிப் பௌதிகத் துறையில் இன்று பெரிய ஆய்வே நடைபெறுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியை லிலியன் மக்டெர்மொட், 2020இல் மறையும் வரை, தமது வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தார். கணக்குகளைச் சரியாகச் செய்யும் மாணவர்கள் அடிப்படைக் கருத்துகளில் தடுமாறுவதை அவரும் அவரது குழுவினரும் முறையாக ஆராய்ந்து காட்டினர். ஆசிரியராகப் போகிறவர், தாம் எப்படிக் கற்பிக்க வேண்டுமோ அப்படியே தாமும் கற்க வேண்டும். பல்கலைக்கழக விரிவுரையைக் கேட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போவது போதாது என்பது அவரது வாதம். பேராசிரியை ஆய்வால் நிறுவியதற்கு யாழ் நூலின் ஆசிரியர் வாழ்வே ஓர் உதாரணம். அவர் இசையின் பௌதிகத்தைப் பிறர் சொல்லக் கேட்டு ஒப்பிக்கவில்லை. தாமே அளந்து, கேட்டு, ஐயுற்று, மறுபடி அளந்து கற்றார்.

நான் பயிற்சி பெற்ற கலாசாலையில் விஞ்ஞான நெறி ஒரு கட்டடம், தமிழ் நெறி இன்னொரு கட்டடம். இடையில் ஒரு முற்றம். இரண்டாண்டுகளில் அந்த முற்றத்தைக் கடந்து ஒரு பாடமும் நடந்ததில்லை. இன்றைய ஆசிரிய பயிலுநரும் மீடிறனின் வரைவிலக்கணத்தைப் பிழையின்றி எழுதுவர். அச்சொல் எப்படிப் பிறந்தது என்றோ, அது காதில் எப்படி ஒலிக்கும் என்றோ அவர்களிடம் கேட்பார் இல்லை. தமிழ் நெறியினர் அரங்கேற்று காதையை உரையோடு படிப்பர். 22 அலகும் ஒரு கம்பியில் கேட்கக் கூடியவை என்பது அவர்களுக்கும் சொல்லப்படுவதில்லை.

அடிகளுக்குச் சிலைகள் உண்டு, மண்டபங்கள் உண்டு. அவற்றோடு, விஞ்ஞானம் கற்பிக்கப் போகிறவரும் தமிழ் கற்பிக்கப் போகிறவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, இசைநரம்பியலை ஒரு பலகையும் கம்பியும் கொண்டு ஒரு வாரம் படிக்க ஏற்பாடு செய்தால் நன்று. அதற்கு அதிகப் பணம் வேண்டாம். 1916இல் ஓர் இளம் ஆசிரியர் தனியாகச் செய்ததை, நூறாண்டு கழிந்த பின் நமது கலாசாலைகள் கூட்டாகவேனும் செய்யலாம் அல்லவா?