வாராக்கடன்: ‘ஆதல்’ முதல் ‘எழுதுதல்’ வரை

கடனுக்கு விற்ற சரக்கின் விலை, பணம் கைக்கு வருமுன்பே பேரேட்டில் வருமானமாக ஏறிவிடுகிறது; அதற்கு வரியும் உண்டு. வாங்கியவர் கைவிரித்துவிட்டால் சிறுவணிகருக்கு என்ன பரிகாரம்? 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 36ஆம் பிரிவில் இதற்குக் கழிவு அளித்தது. ஆனால், கடன் அந்த ஆண்டில்தான் வாராக்கடன் ‘ஆயிற்று’ என்பதை அவர் நிறுவ வேண்டியிருந்தது.

கடன் ஒரே நாளில் வாராமற்போவதில்லை. தவணை தள்ளிப்போகும், கடிதங்களுக்கு மறுமொழி வராது, நம்பிக்கை மெல்லத் தேயும். ஆகவே ‘இன்னும் வரக்கூடும்’ என்றோ ‘சென்ற ஆண்டே போய்விட்டது’ என்றோ கழிவை மறுக்க அதிகாரிக்கு இடமிருந்தது.

1987ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இந்த வினைச்சொல்லையே மாற்றியது. 1989 ஏப்ரல் 1 முதல், கடன் கணக்கேட்டில் வாராதெனப் ‘போக்கெழுதப்பட்டால்’ போதும். ஆதல் உலகில் நிகழ்வது. அதற்குச் சான்று வேண்டும். எழுதுதல் வணிகரின் செயல். ஏடே அதற்குச் சான்று. ஆயினும் வழக்குகள் ஓயவில்லை. 2010இல் டி.ஆர்.எஃப். நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை உறுதிசெய்தது.

எழுதும் உரிமைக்கு வரம்புகளும் உண்டு. அத்தொகை முன்னர் வருமானக் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். ஐயக்கடனுக்கான வெறும் ஒதுக்கு போக்கெழுதியதாகாது. பின்னாளில் பணம் வந்தால், வந்த ஆண்டில் அதற்கு வரி உண்டு. போக்கெழுதியதால் கடனாளி விடுதலை பெறுவதுமில்லை. ஏட்டில் முடிந்த கடன், அவரைப் பொறுத்தவரை முடியாமலே நிற்கிறது.